படிவத்தின் பின்பக்கம்

பிள்ளைக் காம்பராவின் முகட்டு மரத்தில்
இருபத்தாறு கொக்கிகள்.
எண்ணியது நானில்லை,
எனக்கு முன் இங்கிருந்த அந்தோனியம்மா.
சாவியைத் தரும்போது சொன்னாள்:
"ஒரு கொக்கிக்கு ரெண்டு தொட்டி கட்டின காலமும் உண்டு புள்ள."

இன்று மூன்று தொட்டில்.
மற்றக் கொக்கிகளில்
குடை, கம்பளிச் சட்டை,
டிக்கோயா ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை,
யாரோ மறந்துபோன ஊன்றுகோல்.

புதன்கிழமை பிரஷர் கிளினிக்.
பாலர்களுக்கு வாங்கிய குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நாடியைத் தொட
உட்கார்ந்திருக்கிறார்கள்
செக்ரோலில் பேர் வெட்டப்பட்டவர்கள்.

குடிசனக் கணக்கெடுக்க வந்த விதுர்ஷன்
நோர்வூட்டில் படிப்பிக்கிறவன்.
கையில் டெப். சிக்னல் இல்லை.
அது வரும்வரை
ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில்
விரலால் வரைந்து காட்டினான்.

"இது அக்கா, ஒங்கம்மா காலத்து நாடு."
அடி அகன்று, மேலே போகப் போக ஒடுங்கி
உச்சியில் ஒரு கலசம்.
கோபுரம்.
"இது இப்ப."
அடி சிறுத்து வயிறு பெருத்து
ஒரு குடம்.
"இன்னும் இருவது வருசத்துல
கழுத்தும் அகலமாயிரும்."

நம்ம தோட்டம்? என்றேன்.
யோசித்தான்.
இன்னொரு குடம் வரைந்து
இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே
இரு பக்கமும் துடைத்தான்.
ஒரு வாய் சிறுத்த
உடுக்கை.

அந்த இடுப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.
விடியக்காலை நாலரை பஸ்ஸில் போனது.
வெள்ளவத்தைக் கடையில் சீலை மடிக்கிறது,
கட்டுநாயக்காவில் பொத்தான் தைக்கிறது,
குவைத்தில் யாரோ பெற்றதைக் குளிப்பாட்டுகிறது.
மாதம் ஒருமுறை
காசாய்த் திரும்பிவந்து
நாலு மருந்துப் பைகளாகப் பிரிகிறது.

சிக்னல் வந்து அவன் போனபிறகு
கோபுரம் குடத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது.

கோபுரம் அழகுதான்.
அதன் அடிவரிசையில் கிடந்தவர்களை
நான் அறிவேன்.
அம்மா ஒன்பது பெற்றாள்.
கேட்டால் ஐந்து என்பாள்.
மற்ற நாலும்
தேயிலை நடாத சரிவில்.
ஒன்றுக்கு வயிற்றோட்டம்.
ஒன்றுக்கு மழை என்பாள்,
அதற்குமேல் சொல்லமாட்டாள்.
நான் இரண்டு பெற்றேன்,
இரண்டும் இருக்கிறது.
மகள் ஜெசிந்தா போனில் சிரிக்கிறாள்:
"ஒன்னு போதும்மா. அதுவும் லோன் முடியட்டும்."
ஏச வாய் எழவில்லை.
குழி வெட்டாத வீட்டில் வளர்ந்தவள் அவள்.
அதற்குத்தானே
இத்தனை ஊசி, இத்தனை திரிபோஷப் பக்கற்று,
வெந்நீர் வைக்கச் சொல்லி
லயம் லயமாக நான் போட்ட சத்தம்?

கூரையில் தொங்கும் தராசு
இருபத்தைந்து கிலோவரை காட்டும்.
முன்பெல்லாம் எடைநாளில்
வரிசை மதகுவரை நீளும்.
கடைசிப் பிள்ளையை இறக்கும் முன்
கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதிவிடும்.
இந்த மாதம் நிறுத்தது மூன்று.
தினுஷிகா எட்டுக் கிலோ நூறு.
பார்த்துக்கொண்டிருந்த சடையன் அண்ணன்
"என்னையும் தூக்கிப் போடு" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்,
அவரைத் தவிர.
போன மாசத்திலிருந்து
சாரம் இடுப்பில் நிற்பதில்லை என்றார்.

பின்னேரம் மாதப் படிவம்.
பூச்சியம் முதல் ஒன்று: ஒருவர்.
ஒன்று முதல் மூன்று: இருவர்.
மூன்று முதல் ஐந்து: கோடு.
அதற்குக் கீழே கட்டம் இல்லை.
பருப்புச் சோற்றுக்கும் ஜன்னல் வெயிலுக்கும்
மத்தியானம் வந்து
தொட்டில் பாயில் தூங்கிப்போகும் பதினாலு பேரை
எந்த வரியில் சேர்ப்பது?

ஆபீசுக்குக் கொடுக்குமுன்
தாளைத் திருப்பினேன்.

சடையன், எழுபத்தொன்று.
எடை தெரியாது.
பெரிய தராசு வேண்டும்.